தாவரச் சேர்மம் கொடுத்த ஸ்டெம் செல்களில் எம்டிடி ஏறுகிறது, ஏடிபி இறங்குகிறது: எதை நம்புவது?

குருத்தணு (கேள்வி)

மனித எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த மெசன்கைமல் ஸ்டெம் செல்கள் (எலும்பு, கொழுப்பு, குருத்தெலும்பாக மாறக்கூடியவை), நான்காம் பாசேஜ் (தட்டு மாற்றி வளர்த்த தடவை). மீடியா: குறைந்த குளுக்கோஸ், பைருவேட் இல்லாத டிஎம்இஎம், 10% எஃப்பிஎஸ் (கன்றுக்கரு சீரம்). ரெஸ்வெரட்ரால், குவெர்செடின், குர்குமின் என்ற தாவரச் சேர்மங்கள் மூன்றையும் தனித்தனியே 1, 10, 50 மைக்ரோமோலாரில் 24 மணி நேரம் கொடுக்கிறோம். இவை வளர்சிதை மாற்றத்தைக் கிளைக்கோலிசிஸிலிருந்து (ஆக்சிஜன் இல்லாமலே குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் வழி) மைட்டோகாண்ட்ரியாவுக்குத் திருப்புகின்றனவா என்பதுதான் கேள்வி.

முடிவுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. குவெர்செடின் 50இல் எம்டிடி (உயிருள்ள செல்கள் ஊதா நிறமாக்கும் சாயச் சோதனை) கன்ட்ரோலைவிட அதிகம். நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் குறைந்திருக்கின்றன. ரெஸ்வெரட்ராலில் லூசிஃபெரேஸ் (ஏடிபி இருந்தால் ஒளி தரும் மின்மினி நொதி) வழி அளந்த ஏடிபி, அதாவது செல்லின் ஆற்றல் மூலக்கூறு, நன்றாக இறங்குகிறது. செல்களோ ஆரோக்கியமாகத் தெரிகின்றன. குர்குமினில் டிசிஎஃப் (வினைமிகு ஆக்சிஜனைக் காட்டும் சாயம்) ஒளிர்வு ஏறுகிறது. சீஹார்ஸில் (செல்களின் ஆக்சிஜன் நுகர்வையும் அமிலமாதலையும் அளக்கும் கருவி) 24 மணி நேரத்துக்குப் பிறகு ஆக்சிஜன் நுகர்வு மூன்றிலும் பெரிதாக மாறவில்லை. எந்த அளவீட்டை நம்பி மேலே போவது?

---

மைட்டோ

நீங்கள் சொன்ன முதல் மூன்று முடிவுகளுக்கும் செல்லே இல்லாமலும் காரணம் சொல்லிவிடலாம். அதனால் முதல் வேலை, எல்லா அளவீட்டிலும் செல் இல்லாத வெல்களை (தட்டின் குழிகள்) வைப்பது: அதே மீடியா, அதே செறிவு, அதே 24 மணி நேரம், செல் மட்டும் கிடையாது.

எம்டிடி: குவெர்செடின் போன்ற பாலிஃபீனால்கள் எலக்ட்ரானை எளிதில் கொடுப்பவை. டெட்ராசோலியத்தை அவையே நேரடியாக ஒடுக்கி ஊதா ஃபார்மசானாக்கிவிடும். செல் இல்லாத வெல்லிலும் 570 நானோமீட்டரில் அளவு ஏறினால் விஷயம் முடிந்தது. எம்டிடி ஊற்றுமுன் மீடியாவை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான பிபிஎஸ் உப்புக் கரைசலால் இருமுறை கழுவினால் பெரும்பகுதி போகும். ஆனால் செல்லுக்குள் புகுந்துவிட்ட சேர்மம் போகாது. அதனால் எண்ணிக்கைக்கு எம்டிடியை விட்டுவிட்டு டிஎன்ஏவை அளவிடுங்கள், அல்லது ஹெக்ஸ்ட் 33342 என்ற டிஎன்ஏ சாயம் ஏற்றி நியூக்ளியஸ்களை எண்ணுங்கள். இன்னொன்று: செல் எண்ணிக்கை மாறாமலேயே எம்டிடி மாறலாம். அது என்ஏடிஎச், என்ஏடிபிஎச் என்ற எலக்ட்ரான் ஏந்திகளின் இருப்பைப் பொறுத்தது. வளர்சிதை மாற்றத்தை மாற்றும் என்று நாம் சந்தேகிக்கும் ஒரு பொருளைச் சோதிக்கும்போது, வளர்சிதை மாற்றத்தை நம்பியே செல்லை எண்ணுவது அடிப்படையிலேயே சரியில்லை.

ஏடிபி: ரெஸ்வெரட்ரால் மின்மினி லூசிஃபெரேஸையே தடுக்கும், அதற்குச் சில மைக்ரோமோலார் போதும். சோதிப்பது எளிது. செல் இல்லாத மீடியாவில் 1 மைக்ரோமோலார் ஏடிபியைக் கலந்து, ஒரு பாதியில் ரெஸ்வெரட்ராலும் மறு பாதியில் கரைப்பானான வெறும் டிஎம்எஸ்ஓவும் சேர்த்து ஒளியை அளவிடுங்கள். ரெஸ்வெரட்ரால் பக்கம் குறைந்தால் குறைந்தது நொதியின் வேலை, உங்கள் செல்லின் ஏடிபி அல்ல. கிட்டில் இருக்கும் லூசிஃபெரேஸ் வகைக்கு ஏற்பத் தடையின் அளவு மாறும் என்பதால், உங்கள் கிட்டிலேயே செய்ய வேண்டும்.

டிசிஎஃப்: குர்குமின் 430 நானோமீட்டர் வாக்கில் ஒளியை உறிஞ்சி 500 முதல் 550 வரை பச்சையாக ஒளிரும். டிசிஎஃப் படிக்கும் சேனலும் அதேதான். சாயமே போடாத, குர்குமின் மட்டும் கொடுத்த செல்களை வைத்தால் தெரிந்துவிடும். குவெர்செடினும் செல்புரதத்தோடு பிணைந்த பின் பச்சையில் ஒளிரும். அதற்கும் இதே கன்ட்ரோல் வேண்டும். மைட்டோகாண்ட்ரியா மின்னழுத்தத்துக்கு ஜேசி-1 சாயம் போடும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள், அதன் பச்சைப் பகுதி கெட்டுப்போகும். பதிலுக்கு டிஎம்ஆர்எம் சாயம் 20 நானோமோலார், ஒளிர்வு 570 வாக்கில், எஃப்சிசிபி (அந்த மின்னழுத்தத்தைக் கலைக்கும் பொருள்) போட்ட கன்ட்ரோலோடு.

சீஹார்ஸ் ஒன்றுதான் இங்கே சேர்மத்தின் நிறத்தாலும் ஒடுக்கும் தன்மையாலும் அதிகம் கெடாதது. அதை நம்புங்கள். ஆனால் 24 மணி நேரம் கொடுத்துக் கழுவிய பிறகு அளந்தது எதைச் சொல்கிறது என்பது தனிக் கேள்வி.

---

சேர்மவியல்

மைட்டோ சொன்னது அளவீட்டின் பக்கம். அதற்கு முன்பே மீடியாவில் நடப்பதைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரம் கொடுத்தோம் என்கிறீர்கள். அந்த 24 மணி நேரமும் அந்தச் சேர்மம் அங்கே இருந்ததா?

குர்குமின்: பிஎச் 7.2, 37 டிகிரியில் சீரம் இல்லாத பாஸ்பேட் கரைசலில் அரை மணி நேரத்தில் சுமார் 90% சிதைந்துவிடும். 10% சீரம் இருந்தால் தாங்கும். அப்போதும் 8 மணி நேரத்தில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஆகவே உங்கள் செல் 24ஆம் மணியில் பார்ப்பது பெரும்பாலும் சிதைவுப் பொருட்களை. தவிர, ‘குர்குமின்’ என்று வரும் தூளில் டிமெத்தாக்சிகுர்குமினும் பிஸ்டிமெத்தாக்சிகுர்குமினும் கலந்திருப்பது வழக்கம். தூய்மைச் சான்றில் மொத்தக் குர்குமினாய்டைச் சொல்கிறார்களா, குர்குமினை மட்டும் சொல்கிறார்களா என்று பாருங்கள்.

குவெர்செடின், இன்னும் கூடுதலாக இஜிசிஜி (பச்சைத் தேயிலைச் சேர்மம்): இவை மீடியாவில் தாமாகவே ஆக்சிஜனேற்றம் அடைந்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்கும். டிஎம்இஎம்மில் இருக்கும் பைகார்பனேட்டும் நுண்ணளவு உலோகங்களும் இதற்குத் துணை. 50 மைக்ரோமோலாரில் செல் குறைந்ததற்குக் குவெர்செடினைக் குற்றம் சொல்லுமுன் பெராக்சைடைச் சந்தேகியுங்கள். இங்கேதான் உங்கள் பைருவேட் இல்லாத மீடியா முக்கியமாகிறது. பைருவேட் பெராக்சைடோடு நேரடியாக வினைபுரிந்து அசிடேட், கார்பன் டை ஆக்சைடு, நீர் ஆகிவிடும். 1 மில்லிமோலார் பைருவேட் உள்ள மீடியாவில் ‘பாதுகாப்பான’ சேர்மம், பைருவேட் இல்லாத மீடியாவில் ‘நச்சு’ ஆவது இதனால்தான். ஆய்வுக்கட்டுரைகள் முரண்படும் இடங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரி மீடியாக் குறிப்பில் ஒளிந்திருக்கும் என்பது என் கணிப்பு.

செய்ய வேண்டிய கன்ட்ரோல்: சேர்மத்தோடு கேட்டலேஸ் (பெராக்சைடைச் சிதைக்கும் நொதி), மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 யூனிட். பக்கத்திலேயே கொதிக்கவைத்துச் செயலிழந்த கேட்டலேஸ். செயல்படும் கேட்டலேஸில் மட்டும் விளைவு மறைந்தால், அந்த விளைவு செல்லுக்கு வெளியே பிறந்த பெராக்சைடினுடையது. பெராக்சைடை அளக்க ஆம்ப்ளெக்ஸ் ரெட் சோதனையை எடுக்காதீர்கள். அதிலுள்ள பெராக்சிடேஸுக்குப் பாலிஃபீனால்களே உணவு, எண் தவறாகக் குறையும்.

ஸ்டாக் (செறிந்த மூலக்கரைசல்) பற்றியும் சொல்லிவிடுகிறேன். உச்ச செறிவு 50 மைக்ரோமோலார் என்றால் 1000 மடங்கு ஸ்டாக், அதாவது 50 மில்லிமோலார். ரெஸ்வெரட்ராலுக்கு ஒரு மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓவில் 11.4 மில்லிகிராம். குவெர்செடினுக்குப் புட்டியைப் பாருங்கள்: நீரற்றதின் மூலக்கூறு எடை 302.2, டைஹைட்ரேட் 338.3. மாற்றிக் கணக்கிட்டால் பன்னிரண்டு சதவீதப் பிழை முதல் படியிலேயே நுழைந்துவிடும். 10, 1, 0.1 செறிவுகளுக்கு ஸ்டாக்கை டிஎம்எஸ்ஓவிலேயே நீர்த்து, கடைசியில்தான் மீடியாவில் 1000 மடங்கு நீர்க்க வேண்டும். அப்போதுதான் எல்லா வெல்லிலும் டிஎம்எஸ்ஓ ஒரே 0.1% இருக்கும். மீடியாவிலேயே படிப்படியாக நீர்த்தால் டிஎம்எஸ்ஓவும் சேர்ந்து குறையும். செறிவு கூடக்கூட விளைவு கூடுவதாகத் தெரிவதில் கரைப்பானின் பங்கும் கலந்துவிடும். 50 மைக்ரோமோலார் குர்குமின் மீடியாவில் வீழ்படிவாகிறதா என்று 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். ரெஸ்வெரட்ராலை வெளிச்சத்தில் வைக்காதீர்கள், டிரான்ஸ் வடிவம் சிஸ் ஆகிவிடும். சிறு பங்குகளாக மைனஸ் 80இல், உறைந்து உருகுவது ஒருமுறைதான்.

---

ஓட்டவேகம்

சீஹார்ஸ் பற்றி. 24 மணி நேரம் கொடுத்து, கழுவி, ஒரு மணி நேரம் சேர்மம் இல்லாத மீடியாவில் வைத்து அளந்தால் நேரடித் தாக்கம் மறைந்துபோகும். ரெஸ்வெரட்ராலும் குவெர்செடினும் ஏடிபியை உருவாக்கும் நொதியான ஏடிபி சிந்தேஸின் எஃப்1 பகுதியில், காமா துணையலகின் நுனி சுழலும் வளையத்தின் உட்புறத்தில் உட்கார்ந்து அதன் சுழற்சியைத் தடுப்பதை 2007இல் மாட்டு நொதியின் படிக அமைப்பிலேயே காட்டியிருக்கிறார்கள். இது இறுக்கமான பிணைப்பல்ல, கழுவினால் விலகும். உங்களுக்கு மிஞ்சுவது செல்லின் தகவமைப்பு மட்டும். நேரடித் தாக்கம், தகவமைப்பு இரண்டும் எதிரெதிர்த் திசையில் இருக்கலாம்; கூட்டிப் பார்த்தால் ‘மாற்றமில்லை’ என்று வரும்.

ஆகவே இரண்டு பிளேட் போடுங்கள். ஒன்று நீங்கள் செய்தது. மற்றதில் சேர்மத்தை ஏ போர்ட்டிலேயே (அளக்கும்போதே பொருட்களைச் செலுத்தும் நான்கு துளைகளில் முதலாவது) செலுத்துங்கள்.

96 வெல் பிளேட்டுக்கு: மெசன்கைமல் செல்கள் வெல்லுக்கு 10,000 முதல் 20,000, 80 மைக்ரோலிட்டரில். விதைத்ததும் ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் விட்டுவிட்டு இன்குபேட்டரில் வையுங்கள். இல்லையென்றால் செல்கள் ஓரத்தில் குவியும். நான்கு மூலை வெல்களும் செல் இல்லாமல். மறுநாள் பிஎச் 7.4 சீஹார்ஸ் டிஎம்இஎம், குளுக்கோஸ் 5.5 மில்லிமோலார் (உங்கள் வளர்ப்பு மீடியாவோடு ஒத்துப்போக, வழக்கமான 10 வேண்டாம்), குளூட்டமின் 2, பைருவேட் 1. இறுதி அளவு 180 மைக்ரோலிட்டர். கார்பன் டை ஆக்சைடு இல்லாத 37 டிகிரியில் ஒரு மணி நேரம். ஏ: சேர்மம் 20 மைக்ரோலிட்டர். பி: ஒலிகோமைசின் (ஏடிபி சிந்தேஸ் தடுப்பான்) 22 மைக்ரோலிட்டர், இறுதி 1.5 மைக்ரோமோலார். சி: எஃப்சிசிபி 25 மைக்ரோலிட்டர். டி: ரோட்டெனோன், ஆன்டிமைசின் (எலக்ட்ரான் சங்கிலித் தடுப்பான்கள்) தலா 0.5 மைக்ரோமோலார், 27 மைக்ரோலிட்டர். எல்லாம் 10 மடங்குச் செறிவில்.

எஃப்சிசிபியை 0.25 முதல் 2 மைக்ரோமோலார் வரை சேர்மத்தோடும் சேர்மம் இல்லாமலும் தனித்தனியே ஏற்றிப் பாருங்கள். சேர்மமே லேசான அன்கப்ளராக (சுவாசத்தை ஏடிபி உருவாக்கத்திலிருந்து பிரித்துவிடும் பொருள்) இருந்தால் உச்சத்துக்குத் தேவையான எஃப்சிசிபி குறைந்துவிடும். கன்ட்ரோலுக்குப் பொருத்தமான அளவையே அங்கும் போட்டால் உச்சம் தாண்டிச் சரிந்து, ‘உபரித் திறன் போய்விட்டது’ என்று தவறாகப் படிப்பீர்கள்.

வரைபடத்தைப் படிப்பது இப்படி. ஏ செலுத்தியதும் ஆக்சிஜன் நுகர்வு இறங்கி, பிறகு ஒலிகோமைசினுக்கு அதிகம் அசையாமல், எஃப்சிசிபிக்குக் கன்ட்ரோல் அளவுக்கு எழுந்தால் தடை ஏடிபி சிந்தேஸில். எஃப்சிசிபிக்கும் எழவில்லை என்றால் தடை எலக்ட்ரான் சங்கிலியிலோ அடிமூலப்பொருள் உள்ளே வருவதிலோ. ஏ செலுத்தியதும் ஏறி, ஒலிகோமைசினுக்குப் பிறகும் உயரத்திலேயே நின்றால் அன்கப்ளிங். சங்கிலியில் எங்கே என்று பிரிக்க டிஜிடோனினால் சவ்வைத் துளைத்து, பைருவேட் 10 + மாலேட் 1 மில்லிமோலார் ஒரு தொகுதிக்கும், சக்சினேட் 10 மில்லிமோலார் + ரோட்டெனோன் 2 மைக்ரோமோலார் மறு தொகுதிக்கும், இரண்டிலும் ஏடிபியின் முன்னோடியான அடினோசின் டைபாஸ்பேட் 4 மில்லிமோலாரும் கொடுங்கள். முதலாவது மட்டும் விழுந்தால் தடை சங்கிலியின் காம்ப்ளெக்ஸ் ஒன்றில். பெர்பெரின் என்ற தாவரச் சேர்மத்தைப் போட்டால் இந்த வடிவம் தெளிவாக வரும். பாசிட்டிவ் கன்ட்ரோலாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. சீஹார்ஸ் மீடியாவில் சீரம் கிடையாது. 10% சீரத்தில் பெரும்பகுதி ஆல்புமினில் ஒட்டிக்கிடக்கும் சேர்மம் இங்கே முழுவதும் சுதந்திரமாக இருக்கும். இரண்டு இடத்திலும் ‘10 மைக்ரோமோலார்’ என்று எழுதினாலும் செல் காண்பது ஒன்றல்ல. நேரடிச் செலுத்தலை 0.3, 1, 3 என்று கீழிருந்து தொடங்குங்கள்.

அமிலமாதல் வேகத்தை அப்படியே கிளைக்கோலிசிஸ் என்று எழுதாதீர்கள். சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டை ஆக்சைடும் அமிலமாக்கும். ரோட்டெனோன், ஆன்டிமைசின், பிறகு 2-டிஆக்சிகுளுக்கோஸ் (கிளைக்கோலிசிஸ் தடுப்பான்) 50 மில்லிமோலார் கொடுத்துப் பிரியுங்கள். மீடியாவின் லாக்டேட்டையும் நொதி வழியாக நேரடியாக அளந்துவிடுங்கள்.

---

குருத்தணு

மிக்க நன்றி. ஒரு தொடர்கேள்வி. ஆஸ்டியோஜெனிக் வேறுபாட்டுக்கு (செல்களை எலும்புச் செல்லாக மாற்ற) ஆல்பா எம்இஎம் மீடியா பயன்படுத்துகிறோம். அதில் குவெர்செடின் 50 செல்லைக் குறைக்கவில்லை. மேலே சொன்ன பைருவேட் காரணமா? மேலும் ரெஸ்வெரட்ரால் கொடுத்தால் அலிசரின் சிவப்பு (படியும் கால்சியத்தைக் காட்டும் சாயம்) கூடுகிறது, டார்சோமார்ஃபின் சேர்த்தால் அது காணாமல் போகிறது. ஏஎம்பிகே (செல்லின் ஆற்றல் குறைவை உணரும் நொதி) வழியாக நடக்கிறது என்று எழுதலாமா?

---

சேர்மவியல்

ஆல்பா எம்இஎம்மின் வாய்பாட்டிலேயே லிட்டருக்கு 110 மில்லிகிராம் சோடியம் பைருவேட் உண்டு, அதாவது 1 மில்லிமோலார். பெரும்பாலும் அதுதான். உங்கள் டிஎம்இஎம்மில் 1 மில்லிமோலார் பைருவேட் சேர்த்து மறுபடி போடுங்கள், ஒரே நாளில் விடை கிடைக்கும். ஆல்பா எம்இஎம்மில் அஸ்கார்பிக் அமிலமும் இருக்கிறது, அதை மறக்க வேண்டாம். அது எம்டிடியையும் ஒடுக்கும்.

---

ஓட்டவேகம்

டார்சோமார்ஃபினை வைத்து அந்த வாக்கியத்தை எழுத முடியாது. அது காம்பவுண்ட் சி என்ற பெயரில் ஏஎம்பிகே தடுப்பானாக விற்கப்படும் அதே பொருள். எலும்பாக்கத்தைத் தூண்டும் பிஎம்பி புரதங்களின் ஏற்பிகளான ஏஎல்கே2, 3, 6ஐயும் தடுக்கும். பிஎம்பி சமிக்ஞை நின்றால் எலும்பாக்கம் நிற்கும், ஏஎம்பிகே இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஏஎம்பிகேயின் ஆல்ஃபா துணையலகுகள் இரண்டையும் எஸ்ஐஆர்என்ஏவால் (ஜீனை அடக்கும் சிறு ஆர்என்ஏ) குறைத்துப் பாருங்கள். ஏஎம்பிகே த்ரியோனின் 172 பாஸ்பேட்டோடு அதன் இலக்கான ஏசிசி நொதியின் செரின் 79 பாஸ்பேட்டையும் வெஸ்டர்னில் (புரதங்களை இனங்காட்டும் சோதனை) காட்டுங்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் போதாது.

சர்ட்-1 என்ற நொதியின் பக்கம் போகிறீர்கள் என்றால்: ரெஸ்வெரட்ரால் அந்த நொதியை நேரடியாகத் தூண்டுவதாகக் காட்டிய பழைய சோதனைகள் ஒளிரும் குறி பொருத்திய பெப்டைடுகளைச் சார்ந்தவை. குறியில்லாத பெப்டைடுகளில் தூண்டல் தெரியவில்லை என்று 2010இல் வந்தது. 2012இல் பாஸ்போடைஎஸ்டரேஸ் தடை, சைக்ளிக் ஏஎம்பி ஏற்றம், அதன்வழி ஏஎம்பிகே, என்ஏடி என்ற பாதை முன்வைக்கப்பட்டது. சர்ட்-1 தடுப்பானான ஈஎக்ஸ்-527 விளைவைத் தடுத்தால் சர்ட்-1 அந்த வழியில் எங்கோ தேவை என்று மட்டும் சொல்லலாம். அதுவே தொடக்கப்புள்ளி என்று ஆகாது.

---

மைட்டோ

உயிரியல் விளக்கத்தில் ஓட்டவேகத்திடமிருந்து சற்று மாறுபடுகிறேன். எல்லாவற்றையும் ஏஎம்பிகே வழியிலேயே தேடுவது குறுகலான பார்வை. குவெர்செடின் இரும்பைக் கவ்வும். எச்ஐஎஃப் புரதத்தை அழிவுக்குக் குறிக்கும் புரோலைல் ஹைட்ராக்சிலேஸ் நொதிக்கு இரும்பு வேண்டும். அது முடங்கினால் ஆக்சிஜன் நிறைய இருக்கும்போதே ஆக்சிஜன் குறைவில் இயங்க வேண்டிய எச்ஐஎஃப்-1 ஆல்ஃபா நிலைபெற்று, கிளைக்கோலிசிஸ் ஜீன்கள் ஏறும், பிடிகே நொதி ஏறிப் பைருவேட் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போவது குறையும். அதே குவெர்செடின் குளுக்கோஸ் கடத்திகளையும் தடுக்கும். ஒரே சேர்மம் கிளைக்கோலிசிஸை மேலே தள்ளவும் கீழே இழுக்கவும் காரணம் இருக்கிறது; எது வெல்லும் என்பதைச் செறிவும் நேரமும் முடிவு செய்யும். இரும்பு சேர்த்து எச்ஐஎஃப் இறங்குகிறதா என்று 4, 8, 24 மணி நேரங்களில் வெஸ்டர்ன் போடுவது செலவில்லாத சோதனை.

மெசன்கைமல் செல்கள் வேறுபடாத நிலையில் கிளைக்கோலிசிஸை அதிகம் நம்புகின்றன. எலும்பாக்கத்தில் மைட்டோகாண்ட்ரிய சுவாசம் ஏறும். இதனால் காரணமும் விளைவும் குழம்பும். 21ஆம் நாளில் ரெஸ்வெரட்ரால் பக்கம் சுவாசம் அதிகம் என்றால், வேறுபாடு முன்னேறியதால் ஏறியதா, சுவாசம் ஏறியதால் வேறுபாடு முன்னேறியதா? 1, 3, 7 நாட்களில், எலும்பாக்க ஜீனான ரன்க்ஸ்2 எழுவதற்கு முன்னும் பின்னும் அளக்க வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை மீடியா மாற்றுகிறீர்கள் என்றால் செல்லுக்குக் கிடைப்பது தொடர் வெளிப்பாடு அல்ல, சில மணி நேரத் துடிப்புகள்தான் என்பதையும் கட்டுரையில் எழுதுங்கள்.

செறிவையும் குறைக்க வேண்டும். 25 மில்லிகிராம் ரெஸ்வெரட்ரால் வாய்வழி எடுத்தவர்களின் பிளாஸ்மாவில் மாறாத ரெஸ்வெரட்ரால் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராமுக்கும் கீழ், அதாவது 20 நானோமோலார் வாக்கில். மீதி சல்ஃபேட்டும் குளுக்குரோனைடும். உணவு, உடல்நலம் பற்றிப் பேசப்போகிறீர்கள் என்றால் 50 மைக்ரோமோலாருக்கு அங்கே இடமில்லை. வளர்ப்புத் தட்டில் செல்களைத் தயார்செய்யும் கருவியாகப் பயன்படுத்தப்போகிறீர்கள் என்றால் இடமுண்டு, ஆனால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மெசன்கைமல் செல்களில் ஒரு மைக்ரோமோலாருக்குக் கீழே பெருக்கத்தை ஆதரிக்கும் ரெஸ்வெரட்ரால், மேலே போகும்போது பெருக்கத்தை அடக்கி முதுமையாக்கத்தைக் கூட்டும். 0.1இலிருந்து தொடங்குங்கள்.

கட்டுரையில் மாதிரி எண்ணிக்கையாக எழுதும் ‘என்’ என்பது கொடையாளர் எண்ணிக்கை. ஒரே கொடையாளரின் பத்து வெல் ஒரு என்தான். குறைந்தது மூன்று பேர்.

---

வெண்புள்ளி

இடையில் ஒரு சிறு கேள்வி. எலியின் இரத்த ஸ்டெம் செல்களில் குவெர்செடின் கொடுத்தபின் டிஎம்ஆர்எம், மைட்டோடிராக்கர் கிரீன் என்ற மைட்டோகாண்ட்ரியாச் சாயங்கள் இரண்டும் ஏறுகின்றன. மைட்டோகாண்ட்ரியா பெருகியது என்று கொள்ளலாமா?

---

மைட்டோ

கொள்ள வேண்டாம். இரத்த ஸ்டெம் செல்களில் வெளியேற்றும் பம்புகள் மிக அதிகம். இந்தச் சாயங்களையே அவை வெளியே தள்ளும். அதனால்தான் இவற்றில் மைட்டோகாண்ட்ரியா குறைவு என்ற பழைய கருத்தே ஓரளவு ஆட்டங்கண்டது. குவெர்செடினும் குர்குமினும் ஏபிசிஜி2 போன்ற பம்புகளைத் தடுப்பவை. பம்பு நின்றால் சாயம் தங்கும், ஒளிர்வு ஏறும், மைட்டோகாண்ட்ரியா ஒன்றுகூடக் கூடியிருக்காது. எல்லா மாதிரியிலும், கன்ட்ரோல் உட்பட, பம்புத் தடுப்பானான வெரபமில் 50 மைக்ரோமோலார் சேர்த்துச் சாயமேற்றுங்கள்; ஏபிசிஜி2க்குத் தனியாக அதன் தடுப்பான் கேஓ143, 1 மைக்ரோமோலார். அதற்குப் பிறகும் வேறுபாடு நின்றால் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவுக்கும் நியூக்ளியஸ் டிஎன்ஏவுக்குமான விகிதத்தைக் கியூபிசிஆரில் (டிஎன்ஏ அளவைக் கணக்கிடும் சோதனை) எடுங்கள். அந்த அளவீட்டில் பம்புக்கு வேலையில்லை. ஹெக்ஸ்ட் 33342ஐ வைத்துப் பக்கத்தொகை செல்களை (சாயத்தை வெளியேற்றுவதால் மங்கலாகத் தெரியும் ஸ்டெம் செல் தொகுதி) பிரிக்கிறீர்கள் என்றால் அங்கும் இதே சிக்கல்: ஹெக்ஸ்டும் ஏபிசிஜி2 வழியாகத்தான் வெளியேறுகிறது, குவெர்செடின் கொடுத்தால் அந்தத் தொகையே சுருங்கியதுபோல் தெரியும். முதலில் பிரித்தெடுத்துவிட்டு, பிறகு சேர்மம் கொடுங்கள்.